சூடு ஆறாத தூரத்தில் ஓர் ஏரி: தை மாதத்தில் ஐந்து நாள்

தை 1, மஞ்சக்குப்பம்

கூடாரம் இன்னும் கார் டிக்கியிலேயே கிடக்கிறது. அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், கூடாரத்தை மட்டும் கண்ணில் காட்டவில்லை.

நேற்றுக் காலை கோவையில் கிளம்பி சேலம், உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி என்று கடலூர் வந்து சேர இருட்டிவிட்டது. இன்று பொங்கல். வாசலில் பானை பொங்கி, பலகாய்க் குழம்பு கொதித்து, புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் வந்து இறங்க, வீடு நிறைந்துவிட்டது. சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் பேச்சை எடுத்தேன். ஊரில் இருக்கும் இந்த ஒரு வாரத்தில் ஒரே ஒரு ராத்திரி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஓர் ஏரிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கணும்.

"வீடு இருக்கும்போது வெட்டவெளியில எதுக்குடி படுக்கணும்?" என்றாள் அம்மா.

அப்பா வீராணத்தில் லஸ்கராக இருந்தவர். மதகைத் திறப்பது, மூடுவது, கரை நெடுக நடந்து நண்டு வளையும் எலி வளையும் இருக்கிறதா என்று பார்ப்பது, விடிந்ததும் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தை ஆபீசுக்குச் சொல்வது, இதெல்லாம் லஸ்கர் வேலை. நான் நாலாம் வகுப்பு படித்தபோது அரைப் பரீட்சை லீவில், மதகுக்குப் பக்கத்து ஓட்டுக் கொட்டகையில் அவரோடு நாலு ராத்திரி படுத்திருக்கிறேன். மழைக்காலம். இருட்டில் ஏரி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, கரையில் அலை மோதுகிற சத்தம் மட்டும் கேட்கும். "எவ்ளோப்பா?" என்று கேட்பேன். "நாப்பத்தி நாலரை" என்பார். வீராணம் நிறைந்தால் 47.5 அடி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான எண் அது.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. என் பிள்ளைகள் அவரை அந்த வேலையில் பார்த்ததே இல்லை. அவர்களுக்குத் தண்ணீர் என்றால் குழாய், இல்லாவிட்டால் கேன். ஓர் ஏரி இருட்டுவதையும் விடிவதையும் அவர்கள் முழுசாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சோறு நான்தான் கட்டிக் குடுப்பேன். சூடு ஆறறதுக்குள்ள போய்ச் சேர்ற இடமா பாருங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் வீராணம் போய்விட்டது. சிதம்பரம் போய் அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் பக்கம் திரும்ப வேண்டும், எப்படியும் இரண்டு மணி நேரம். எனக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனால் அண்ணன் இன்னொன்றும் சொன்னான்: கரை மேலேயே தார் ரோடு, பஸ்ஸும் லாரியும் ராத்திரியெல்லாம் ஓடும், கூடாரம் போட ஒதுக்குப்புறம் ஏது? அதுவும் சரிதான். சோழர் காலத்தில் பாசனத்துக்கு வெட்டிய ஏரி, 2004-லிருந்து சென்னைக்குக் குடிநீரும் கொடுக்கிறது. 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு எடுத்துப் போகிறார்கள். அங்கே போனால் அப்பா நடந்த கரையைப் பகலில் பார்த்துவிட்டு வரலாம், படுக்க முடியாது.

மீதி இருப்பவை ஊசுட்டேரி, கழுவெளி, பாகூர், குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரி. நாளைக்கு ஊசுட்டேரி. அது அண்ணன் வீட்டுக்குக் கிட்டே.

தை 2, ஊசுட்டேரி

புதுச்சேரிக்கு மேற்கே வில்லியனூர் வழியாகப் போனோம். மாட்டுப் பொங்கல் என்பதால் வழியெல்லாம் கொம்புக்குச் சாயம் அடித்த மாடுகள். பத்துக்கண்ணு தாண்டிக் கரையில் ஏறியதும் பிள்ளைகள் நாலு பேரும் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில், கடல் அல்லாமல், அவர்கள் பார்த்ததில்லை.

ஏறத்தாழ 800 ஹெக்டேர். ஏரியில் ஒரு பாதி புதுச்சேரிக்கு, இன்னொரு பாதி தமிழ்நாட்டுக்கு. பறவைக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. நாமக்கோழிகள் நூற்றுக்கணக்கில், கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக. அதுதான் பேருக்குக் காரணம் என்று சொன்னதும் சின்னவன் அதற்கு மேல் வேறு எதையும் பார்க்கவில்லை, நாமத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தான். தூரத்தில் ஊசிவால் வாத்துகள். அவை குளிர்காலத்தைக் கழிக்க வடக்கே வெகு தொலைவிலிருந்து வருகிறவை. மஞ்சள் மூக்கு நாரை ஏழு. கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு அடர்ந்து கிடந்தது. வேறு ஊரில் அதற்கு வேறு பேர் இருக்கலாம், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஊதாப் பூ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏரிக்குள் இறங்கிவிட்டால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், லேசில் ஒழிக்க முடியாது. அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

கூடாரம் போட இடம் கேட்டு, அங்கே காவலில் இருந்த பெரியவரிடம் போனேன். புதுச்சேரிப் பக்கத்தை 2008-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள், பிறகு தமிழ்நாட்டுப் பக்கமும் சரணாலயம் ஆனது. அனுமதி இல்லாமல் உள்ளே தங்கக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது. எனக்கும் அது தெரியும். கரையை ஒட்டி வெளியே ஏதாவது இடம் இருக்குமா என்றுதான் கேட்டேன்.

"பகல்ல எவ்ளோ நேரம் வேணும்னாலும் நின்னு பாருங்கம்மா. ராத்திரி அதுங்களுது" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை, கண்டிப்பாகவும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் பிள்ளை தூங்குகிறது என்று சொல்கிற குரல் அது. எனக்கு மேலே கேட்கத் தோன்றவில்லை. டார்ச் வெளிச்சம் ஒன்று போதும், நாணலுக்குள் அடைந்த கூட்டம் முழுவதும் கிளம்பிவிடும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த வாத்து நம்மால் ஒரு ராத்திரித் தூக்கத்தை ஏன் இழக்க வேண்டும்?

அதே கணக்கில் கழுவெளியும் பட்டியலிலிருந்து போனது. மரக்காணம் பக்கத்து உப்பங்கழி ஏரி அது. 2021-ல் சரணாலயம் ஆகி, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, அதாவது உலக அளவில் காப்பாற்ற வேண்டிய ஈரநிலம். பூநாரை வருகிற காலத்தில் பகலில் ஒரு தடவை போகவேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

தை 3

காணும் பொங்கல். சுண்ணாம்பாறு படகுத் துறைக்குப் போகலாமா என்று அண்ணி கேட்டார். கடலூர் ரோட்டில் நின்ற வண்டி வரிசையைப் பார்த்துவிட்டு அந்த எண்ணத்தை விட்டோம்.

என் கணவர் போனில் தேடி ஓர் இடம் பிடித்து, 2,000 ரூபாய் முன்பணமும் அனுப்பிவிட்டார். ஏரியோரத்தில் கூடாரம், கழிப்பறை, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் உண்டு என்று படத்தோடு போட்டிருந்தார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தோம். எந்த ஏரி, யார் நடத்துகிறார்கள் என்று எழுத விரும்பவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

பதினைந்து கூடாரங்கள், எல்லாம் ஏரிக்கரையின் வெளிச்சரிவுக்கு நேர் கீழே. ஏரி தலைக்கு மேலே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. கால் வைத்தால் தரை அமுங்கியது. கட்டை விரலால் ஒரு குழி பண்ணிப் பார்த்தேன். எண்ணுவதற்குள் தண்ணீர் ஊறி நின்றது. நிறைந்த ஏரியின் கரை எங்கேயுமே அடியில் கொஞ்சம் கசியும், அது தப்பில்லை. ஆனால் அந்தக் கசிவு தெளிவாக வருகிறதா, மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கலாக வருகிறதா என்று பார்க்கத்தான் அப்பா மாதிரி ஆட்கள் மழைக்காலத்தில் ராத்திரி டார்ச்சோடு நடந்தார்கள். கலங்கலாக வந்தால் மணல் மூட்டை, தெளிவாக வந்தால் நாளைக்கும் பார்க்கணும். அந்த இடத்தில் யாரும் படுக்கக் கூடாது என்று ஒன்பது வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "கரைக்குக் கீழ படுத்தா ஏரி உன் தலமாட்டுல இருக்குன்னு அர்த்தம் பாப்பா."

பற்றாததற்கு இரண்டு ஒலிபெருக்கி, ஒரு ஜெனரேட்டர். கரை மேல் ஏறிப் பார்த்தேன். அந்தப் பக்கத் தண்ணீரில் ஒரு பறவை இல்லை.

வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். முன்பணம் திரும்பி வராது என்றார்கள். பணம் போனது வருத்தம்தான், ஆனால் ஈரத்தரையில் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தால் அதைவிட வருத்தப்பட்டிருப்பேன். கூடாரத்துக்கு இடம் பார்க்கிற யாருக்கும் இதை உறுதியாகச் சொல்வேன்: ஏரியைப் படத்தில் பார்க்காதீர்கள். நேரில் போய்க் கரை எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம், நீங்கள் படுக்கப் போகிற தரை மேடா பள்ளமா என்று பாருங்கள். பகலிலேயே பாருங்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கேட்டாள், "பாகூர்ல எந்தம்பி தோப்பு இருக்கே, அத ஏன் யாரும் நெனைக்கல?"

யாரும் நினைக்கவில்லைதான். மூன்று நாளாக வெளியில் தேடினோம்.

தை 4, பாகூர்

மாமாவுக்கு எழுபது வயது. போன் போட்ட அடுத்த நிமிஷமே, "வா பாப்பா, மாப்பிள்ளையையும் புள்ளைங்களையும் கூட்டியா. கேக்கவே வேணாம்" என்றார்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஆல்பேட்டைப் பாலத்தில் தென்பெண்ணையைக் கடந்து, முள்ளோடை, கன்னியக்கோயில், அங்கே இடது பக்கம் திரும்பினால் பாகூர். அரை மணி நேரம். இரண்டு பக்கமும் சம்பா நெல் தலை சாய்ந்து நின்றது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். தை பிறந்து நாலாவது நாள் அந்த ரோட்டில் போகிறவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏரி ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. மாமாவின் தோப்பு கரைக்குக் கீழே இல்லை, கரை முடிகிற பக்கவாட்டு மேட்டில். தோப்பு வேலியிலிருந்து கரைக்கு 300 அடி இருக்கும். தண்ணீரை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், ஆனால் பறவைகளுக்கு நாம் தொந்தரவு இல்லை. மோட்டார் கொட்டகையில் நல்ல தண்ணீர், கூப்பிடு தூரத்தில் வீடு, கழிப்பறை. எனக்கு வேண்டியதெல்லாம் இதுதான்.

ஆனால் தென்னைக்கு அடியில் கூடாரம் போட முடியாது. காய் விழாவிட்டாலும் மட்டை விழும், காய்ந்த மட்டை ஒன்று எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். மாமா கையைப் பிடித்துத் தோப்பின் நடுவுக்குக் கூட்டிப் போனார். அங்கே வானம் தெரிகிற ஒரு வெட்டவெளி, நாலு மரம் நிற்கவேண்டிய இடம்.

"தானேல போன மரம்" என்றார். 2011 டிசம்பர் 30, விடியற்காலை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறிய புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். மாமாவின் தோப்பில் மட்டும் முப்பத்தொரு மரம். மற்ற இடத்திலெல்லாம் கன்று வைத்துவிட்டார். இந்த நாலு மரத்து இடத்தை மட்டும் வைக்கோல் போர் போட விட்டு வைத்திருக்கிறார். அறுப்பு இன்னும் முடியாததால் போர் இல்லை. அங்கே போட்டோம்.

முளை அடிக்கும்போது பெரியவள் கேட்டாள், இந்த ஏரிக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று. மாமா திண்டில் உட்கார்ந்துகொண்டார். சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிகிற பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்று அக்கா தங்கச்சி இரண்டு பேர், கோயில் தாசிகள், சேர்த்த சொத்தையெல்லாம் போட்டு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்பது இந்த ஊர்க் கதை. மாமா சொல்லும்போது கதை மாதிரி சொல்லவில்லை, பக்கத்துத் தெருவில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். பிள்ளைகள் அந்தப் பேர்களையே பாட்டாகப் பாடிக்கொண்டு ஓடினார்கள்.

சாயங்காலம் மூலநாதர் கோயிலுக்கு ஒரு நடை போய் வந்தோம். பல்லவ அரசன் நிருபதுங்கன் காலத்தில், 9-ம் நூற்றாண்டில், இந்த ஊரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்வி நிலையத்துக்கு, மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. பாகூர்ச் செப்பேடு என்று பேர். நெல் விளைந்தது, அதனால் படிக்க வந்தவர்களுக்குச் சோறு போட முடிந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே பாடம் கேட்ட பையன்களும் சாயங்காலம் ஏதோ ஒரு நீர்க்கரையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஏழு மணிக்கு அண்ணன் வண்டியில் அம்மாவின் தூக்குச்சட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் ஆவி. பொங்கலன்று வைத்த பலகாய்க் குழம்பைச் சுண்டக் காய்ச்சியிருந்தாள், சுடுசோறு, வறுத்த கருவாடு. கூடவே அண்ணன் ஒரு ஆளையும் இறக்கினான். அம்மா. "சட்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போகணும்ல" என்றாள். போகவில்லை, மாமா வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

கொசு இருக்கும் என்று பயந்தேன், இருந்தது. மாமா ஒரு உடைந்த சட்டியில் நெருப்பு எடுத்து, நொச்சித் தழையும் வேப்பந்தழையும் போட்டுப் புகைமூட்டம் வைத்தார். ஒன்பது மணிக்கு எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னேன். முதல் பத்து நிமிஷம் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தண்ணீரின் மேல் ஒரு சாம்பல் வெளிச்சம் தெரிந்தது. நாமக்கோழிகள் விட்டுவிட்டுக் கூப்பிட்டன. தூரத்தில் நெல் அறுக்கிற மெஷினின் விளக்கு வயலுக்குள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. வேறு எதுவும் இல்லை. கரையில் அலை மோதும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். காற்று லேசாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டது.

"எவ்ளோ அடி இருக்கும்மா?" என்றான் சின்னவன், இருட்டில்.

அப்பாவைப் பற்றி நான் சொன்னதை அவன் ஞாபகம் வைத்திருக்கிறான்.

தை 5, பாகூர், தென்பெண்ணை ஆறு

நாலரைக்கே விழித்துவிட்டேன். முகத்தில் ஒரு சொட்டு விழுந்தது. மழையா என்று டார்ச் அடித்தேன். கூடாரத்தின் உள்பக்கத் துணி முழுக்க வேர்த்து, முத்து முத்தாகத் தண்ணீர். எங்கள் ஐந்து பேரின் மூச்சுக்காற்று, வெளியே தைப் பனி பட்டுக் குளிர்ந்த துணியில் ஒட்டித் தண்ணீராகியிருக்கிறது. குளிருக்குப் பயந்து மேலே இருந்த காற்றுப் போகிற ஜன்னலை மூடியது என் தவறு. பெரியவள் எழுந்து விரலால் ஒரு கோடு இழுத்தாள். முத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோடு வழியே ஓடி, அண்ணன் மகளின் காதில் இறங்கின. அவளும் எழுந்துவிட்டாள். ஏரிப் பக்கம் தங்குகிறவர்கள் எவ்வளவு குளிரானாலும் மேல் ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

கரையில் ஏறினோம். பனி தண்ணீரின் மேல் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. முதலில் சத்தம் மட்டும்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கோரைப் புல் தெரிந்தது, பிறகு கோரைக்குள் நீலம். நீலத்தாழைக்கோழி. பைனாகுலரைப் பெரியவளிடம் கொடுத்தேன். அந்தப் பறவை ஒரு கோரைத் தண்டைப் பிடுங்கி, நீண்ட சிவப்புக் கால் விரல்களால் கையில் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டு, அடியிலிருந்த வெள்ளைக் குருத்தை மட்டும் உரித்துச் சாப்பிட்டது. மீதியைப் போட்டுவிட்டு அடுத்த தண்டு. "கரும்பு திங்குதும்மா" என்றாள். அப்படியேதான் இருந்தது. சூரியன் வந்ததும் அரிவாள் மூக்கன்கள் ஒரு கூட்டம், வரிசை கலையாமல் எங்கள் தலைக்கு மேல் போயின. அம்மா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவே இல்லை. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெறஞ்சிருக்கு" என்றாள், அவ்வளவுதான்.

கூடாரத்தை ஈரத்தோடே சுருட்டினோம். தரையில் கரி, குப்பை, முளை ஒன்றும் விடவில்லை, மாமா அங்கே போர் போடணும்.

தை ஐந்து எங்கள் பக்கத்தில் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து சாமிகள் எல்லாம் தென்பெண்ணைக்கு வந்து தீர்த்தவாரி ஆடும். போகிற வழியிலேயே மாட்டு வண்டி, டிராக்டர், சைக்கிள் எல்லாம் ஆற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. மணலில் பலூன், வளையல், ராட்டினம், வரிசையாகச் சுருளிக் கிழங்கு. வருஷத்தில் இந்தத் திருவிழாவுக்குத்தான் அந்தக் கிழங்கை நான் பார்க்கிறேன். வேகவைத்துத் தோலை உரித்தால் மாவாக இருக்கும். அம்மா இரண்டு கிலோ வாங்கினாள்.

பிள்ளைகளை முழங்கால் தண்ணீரில் இறக்கினேன். சின்னவன் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்துவிட்டு, "இதுதான் பங்காரி வாய்க்கால்ல போகுதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அது எந்தப் பக்கம் பிரிகிறது என்று கேட்டான். மேற்கே கையைக் காட்டினேன். அந்தத் திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது கூடாரம் மஞ்சக்குப்பத்து மொட்டை மாடியில் காய்கிறது. மாமா சற்றுமுன் போன் பண்ணினார். முளை அடித்த நாலு குழியையும் அப்படியே விட்டிருக்கிறாராம், அடுத்த தைக்கு இடம் தேட வேண்டாமாம். காய் வெட்டையும் தை மூன்றாம் தேதிக்கே வைத்துக்கொள்கிறேன் என்றார்.